வேலியின் உயரம்

சூரிச்சிலிருந்து மச்சான் வன்னியசிங்கம்
இரவு பதினொன்றரைக்குப் படம் அனுப்புகிறார்.
கறுப்பு, செம்பழுப்பு, நெற்றியில் சுட்டி வைத்தது,
எல்லாம் தடிக்கு மேலே, காற்றில்.
"கோமாரிக்கு எது சரிவரும்? இனத்தைச் சொல்லு."

பத்து வருடம் தோஹாவில் லாயம் கூட்டினவன் நான்.
குதிரையைக் கீழிருந்துதான் எனக்குத் தெரியும்:
குளம்பு, கணுக்கால், லத்தியின் மணம்.
இனம் தெரிந்தவர்கள் மேலே இருந்தார்கள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.
பாய. கடற்கரையில் ஓட. வெள்ளைக்காரர் ஏற.
பிள்ளைகள் பழக. கலியாணத்துக்கு மாப்பிள்ளை வர.
மச்சான், ஒரே சாரத்தை
வயலுக்கும் செத்தவீட்டுக்கும் வங்கிக்கும் கட்டலாமோ?

ஹனோவர் பாயும்.
பின்தொடையைப் பார்த்தாலே தெரியும்,
கல்வீட்டையும் தூக்கிக்கொண்டு பாயும்.
ஆனியில் கச்சான் காற்று அடிக்கையில்
அதற்கு மின்விசிறி யார் பூட்டுவது?
அரபுக்கு வெயில் பழக்கம்.
அறுபது மைல் போய்வந்தும் வாலை இறக்காது.
தடியைக் காட்டினால் மட்டும்
ஏன் சுற்றிப் போகக்கூடாது என்று யோசிக்கும்.
மார்வாரிக்குக் காது இரண்டும் நுனியில் தொடும்;
மாப்பிள்ளைக்கு அது காணும்.
நெடுந்தீவு மட்டக்குதிரையைத் தீவைவிட்டு எடுக்க விடார்கள்,
எடுத்தாலும் உங்கள் கால் நிலத்தில் இழுபடும்.

"அப்ப?"
"அப்ப, காசு எவ்வளவு?"

அதற்குப் பிறகு இனங்கள்
ஒவ்வொன்றாய் எழும்பிப் போய்விட்டன.

வந்தது,
நுவரெலியாவில் ஓடி முடித்த தரோபிரெட் பெட்டை.
எட்டு வயது. ஒன்பது ஓட்டம். ஒன்றிலும் வெற்றியில்லை.
லாகுகலையில் யானைக்காக லொறி நின்றபோது
உள்ளே நின்று உதைத்து ஒரு பலகையைக் கழற்றியது.

கடற்கரையில் சவுக்குத் தடி நட்டேன், இரண்டடி உயரம்.
ஆளேற்றாமல் அவிழ்த்துவிட்டேன்.
வந்தது. மணந்தது. நின்றது.
மூன்று கிழமை, ஒரு மூடை கரட்.
மச்சான் ஒவ்வொரு இரவும் கேட்டார், "பாயுதோ?"
"யோசிக்குது" என்றேன்.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கையில்
ஆதம்பாவா போடியார் கொப்பியோடு வந்தார்.
"குடலை வந்த வெள்ளாமைக்குள்ள
இருநூற்றிப் பதினேழு குளம்பு."
"எண்ணினீங்களா?"
"சுபஹு தொழுதிட்டு வந்ததிலருந்து."

கயிறு அறுபடவில்லை; கழுத்திலிருந்து நழுவிக் கிடந்தது.
படலை பூட்டியபடி.
கம்பிவேலி நாலடி மூன்றங்குலம்,
அதில் ஒரு மயிர்கூட இல்லை.
இந்தப் பக்கம் ஈரமண்ணில்
பின்னங்குளம்பு இரண்டும் சேர்ந்து
கிண்ணம் அமுக்கியதுபோல் ஆழம்.
அந்தப் பக்கம் வாய்க்கால்,
வாய்க்காலுக்கு அப்பால்தான் அடுத்த தடம்.

போடியார் குடையால் அளந்தார்.
ஐந்து குடையும் ஒரு பிடியும்.
மறுபடி அளந்தார்.
"முன்னங்கால் கம்பியில படல்லியா?"
"படல்ல."
கொப்பியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் வயலைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று:
நான் நட்ட தடிக்கு இந்தப் பக்கமும் மணல்,
அந்தப் பக்கமும் மணல்.

மச்சானுக்குச் சொன்னேன்.
"எவ்வளவு உயரம்?" என்று கத்தினார், சந்தோஷத்தில்.
"நாலடி மூன்றங்குலம்.
நெல்லுக்கு முப்பத்தெட்டாயிரம், இரண்டு தவணை.
இனி வேலியை அஞ்சரையாக்க வேணும், அதுக்கும் அனுப்புங்க."
கம்பி விலை கேட்டதும் லைன் விட்டுவிட்டுக் கேட்டது.

நாலாம் நாள் இரவு.
இஷா தொழுகை முடிந்த நேரம்,
வரம்பில் பிளாஸ்டிக் கதிரை போட்டு
யாரோ டோர்ச்சோடு இருக்கிறார்.
கிட்டப் போனேன்.
"காவலா, போடியார்?"
"காவல்தான்."
பெட்டை வேலியோரம் காதை முன்னால் குத்தி நின்றது,
நெல்லின் பக்கம் முகம்.
"இண்டைக்குப் பாஞ்சா அதுக்கும் அபராதம் எழுதுவன்" என்றார்.
"அது வேற, மனே.
நீ முதல்ல அந்த லைட்டை நூரு,
அது வெக்கப்படுது."